இடது கைக்கு ஒரு வேலை

ஜனவரி 12

அன்புள்ள வாலு,

நானும் உன் அத்தானும் நலம். அவருக்கு முட்டிவலி, எனக்கு அந்த முட்டிவலியைப் பற்றி நாள் முழுக்கக் கேட்கும் வலி. மற்றபடி குறை இல்லை. உன் இருமல் விட்டதா?

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நமக்கு மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. நான் ஒன்று சொல்ல வருவேன், நீ குறுக்கே வருவாய், நான் வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது.

நான் முடி வளர்க்கிறேன். சிரிக்காதே. நாற்பத்தாறு வயதில் என்ன திடீர் ஆசை என்றும் கேட்காதே. இதற்கு முன் மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் நெற்றியில் வந்து விழ ஆரம்பித்ததும், போய் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இந்த முறை ஒரு ரப்பர் பேண்டுக்குள் நிற்கிற அளவுக்காவது வளர்த்துவிட வேண்டும். செப்டம்பரில் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கப்போகிறேன். முப்பது பேர். இருபது வருடமாக மைக்ராஸ்கோப்புக்கு முகத்தையும் உலகத்துக்கு முதுகையும் காட்டியவள், இனி திரும்பி நிற்க வேண்டும். வெட்டாமல் இந்த எட்டு மாதத்தைத் தாண்டிவிட்டேன் என்றால் எனக்கு என்மேல் ஒரு நம்பிக்கை வரும்.

இப்போது இரண்டரை சென்டிமீட்டர். பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி நிற்கிறது. நீதான் ஊருக்கெல்லாம் டோப்பா கட்டுகிறாயே, அக்காவுக்கும் ஒன்று கட்டு. (டோப்பா என்றால் உனக்குக் கோபம் வரும். சரி, விக்.) இரண்டே நிபந்தனைதான். காலையில் போட்டால் படுக்கப் போகும்வரை தலையில் இருக்க வேண்டும், வீட்டிலும்தான். ஓரம் இறுக்கமாக இருக்க வேண்டும், விரல் நுழையக் கூடாது.

கேள்விகளும் உண்டு. முடி மாதத்துக்கு எவ்வளவு வளரும்? வெட்ட வெட்ட அடர்த்தியாகும் என்கிறார்களே, நிஜமா? விக்குக்குக் கீழே கிடக்கிற முடிக்கு மூச்சு முட்டாதா?

நிறம் பார்ப்பதற்காகச் சீப்பில் வந்த முடி கொஞ்சம் மடித்து வைத்திருக்கிறேன். நரையையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

உன் அக்கா

ஜனவரி 25

அக்காவுக்கு,

நானும் விக் மாட்டுகிற என் ஆறு மரத்தலைகளும் சௌக்கியம். இருமல் போய்விட்டது, அதைப் பற்றி விசாரிக்க நீ இருக்கிறாய் என்ற தெம்பில்தான். அத்தானின் முட்டிக்கு என் அனுதாபம்.

கடிதத்தில் குறுக்கே வர முடியாது என்று யார் சொன்னது? உன் கடிதத்தின் ஓரமெல்லாம் பென்சிலால் குறுக்கே வந்திருக்கிறேன்.

மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வளரும். வெட்டினால் அடர்த்தியாகும் என்பது சும்மா கட்டிவிட்ட கதை. மூச்சு முட்டாது. நாம் பார்க்கிற முடி ஏற்கெனவே செத்துப்போனது, உயிர் எல்லாம் தோலுக்கு உள்ளேதான்.

எனக்குப் புரியாதது ஒன்று. விக் என்பது வெளியே போகப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் கழற்றுகிற சாமான். என் நாடகக்காரர்கள் திரை விழுந்ததும் முதலில் கழற்றுவது அதைத்தான், அப்புறம்தான் செருப்பு. நீ வீட்டில் எதற்குப் போட வேண்டும்? அத்தான் உன் மண்டையைப் பார்க்காதவரா? என்னைக் கேட்டால் விக்கே வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு நாலைந்து மாதம் அரைகுறை முடியோடு திரி. யாரும் கவனிக்க மாட்டார்கள். அவரவர்க்கு அவரவர் தலை.

ஆனாலும் நீ வாய்விட்டு ஒன்று கேட்பதே அபூர்வம், அதனால் கட்டித் தருகிறேன். தலைச் சுற்றளவு, நெற்றியிலிருந்து பிடரி, காதிலிருந்து காது. நூலால் அளந்து நூலையே அனுப்பு.

எங்கள் தொழிலில் முதல் பாடம் என்ன தெரியுமா? முடியின் வேர்ப்பக்கம் எது, நுனிப்பக்கம் எது என்று பார்ப்பது. ஒற்றை முடியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால், அது தானாக வேர்ப்பக்கமாக ஊர்ந்து போகும். தலைகீழாகக் கொஞ்சம் கலந்துவிட்டால் மொத்தமும் சிக்கிக்கொள்ளும். அதனால் கைக்கு எந்த முடி வந்தாலும் வேரைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். நீ அனுப்பியதையும் பார்த்தேன். நிறம் தெரிந்துகொண்டேன். இன்னொரு முறை அனுப்பினால் கத்தரியால் வெட்டி அனுப்பு, அது போதும்.

தங்கை

பிப்ரவரி 9

வாலு,

இங்கே எல்லாரும் நலம். உன் அத்தான் நூலைச் சுற்றிய சுற்றில், என்னை எங்கேயோ பார்சல் அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். சிவப்பு நூல் சுற்றளவு, பச்சை நெற்றியிலிருந்து பிடரி, வெள்ளை காதிலிருந்து காது. முடிச்சு விழுந்த இடம்தான் அளவு. வெள்ளையில் இரண்டு முடிச்சு இருக்கும், முதல் முடிச்சு போடும்போது எனக்குத் தும்மல் வந்துவிட்டது.

முடி ஊர்ந்து போகும் என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை. செய்து பார்த்தேன், ஊர்கிறது. ஏன் என்று பார்க்காமல் விட முடியுமா? சாப்பாட்டு இடைவேளையில் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஓடு வேய்ந்த கூரைதான். செதில்மேல் செதில், எல்லாம் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. நுனிப்பக்கம் தடவினால் வழுக்கும், வேர்ப்பக்கம் தடவினால் தடுக்கும். இவ்வளவு நாள் ஊரார் ரத்தத்தைப் பார்த்தேனே தவிர இது தெரியாமல் போயிற்று. விக்குக்கு வாங்குகிற முடியிலும் செதில் இருக்குமா? கொஞ்சம் அனுப்பேன்.

வீட்டிலும் எதற்கு என்று கேட்டாய். பழக வேண்டாமா, அதற்குத்தான்.

நீ சொன்னபடி வெட்டிய முடி இத்துடன்.

உன் அக்கா

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். கண்தான் சாயங்காலம் ஆனால் எரிகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும்.

மூன்று காகிதத்தில் மூன்று முடி வைத்திருக்கிறேன். ஒன்று, தலையில் வளர்ந்து அப்படியே வந்தது. ஒன்று, தலையில் வளர்ந்து, அமிலத்தில் குளித்து, சாயம் ஏறி, மேலே பூச்சும் பூசிக்கொண்டது. ஒன்று தொழிற்சாலையில் பிறந்தது. எந்தக் காகிதத்தில் எது என்று கண்டுபிடி பார்க்கலாம்.

உன் விக்கின் வலை தயார். வலைத்துணியில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட வேண்டும், இரண்டு மாதம் பிடிக்கும். நடுவில் ராஜா வேஷக்காரர் வந்து தொந்தரவு. எழுபது வயது, இன்னும் மை மாதிரி கறுப்பு வேண்டும் என்கிறார். நாலு நரை வைக்கிறேன் ஐயா, ராஜாவுக்கு மரியாதையாக இருக்கும் என்றேன். "எனக்கு நரைக்கலாம்மா, ராஜாவுக்கு நரைக்கக் கூடாது" என்றார். கறுப்பே வைத்தேன்.

ஒன்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டுவிடுகிறேன். மைக்ராஸ்கோப் பார்க்கும்போது உன் வலது கை குமிழைத் திருப்பிக்கொண்டிருக்கும். இடது கை என்ன செய்யும்?

தங்கை

ஏப்ரல் 18

வாலு,

நலமே. பதில் தாமதம், வேலை அதிகம்.

உன் மூன்று முடி. மூன்றாவது தொழிற்சாலை. குழாய் மாதிரி அடிமுதல் நுனிவரை ஒரே தடிமன். இரண்டாவதுதான் அமிலத்தில் குளித்தது. செதிலே இல்லை, மழுமழுவென்று இருக்கிறது. முதலாவது உன் முடி. செம்பட்டையை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன்.

விசித்திரம் என்னவென்றால், மூன்றில் அழகாக மினுங்கியது அந்த இரண்டாவதுதான். தோலை உரித்த பிறகுதான் இத்தனை பளபளப்பு வருகிறது. இதை எங்கள் டாக்டரிடம் சொன்னேன், அவர் பயந்துபோய் தன் முன்வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

என் முடி ஆறு சென்டிமீட்டர்.

உன் மற்ற விஷயங்கள். கண்ணாடியை உடனே மாற்று. ராஜா வேஷக்காரருக்கு என் வணக்கம். அத்தானின் முட்டி பரவாயில்லை. வேறு கேள்வி எதுவும் நீ கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

உன் அக்கா

மே 6

அக்காவுக்கு,

கண்ணாடி மாற்றிவிட்டேன். உலகத்தில் இவ்வளவு தூசி இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

பார்சலில் உன் விக் வருகிறது. தோள்வரை நீளம், நூற்றுக்குப் பத்து நரை. ஓரத்தை நீ கேட்ட மாதிரி இறுக்கியிருக்கிறேன், ஆனால் நாளுக்கு நாலு மணி நேரமாவது கழற்றி வை. இறுக்கிக்கொண்டே இருந்தால் ஓரத்து முடி தேயும்.

இன்னொரு பொட்டலமும் இருக்கும். ஒரு மரத்தலை, துண்டு வலைத்துணி, கொக்கி ஊசி, ஒரு கற்றை முடி. எனக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒரு விக்கின் நெற்றி ஓரம் மட்டும் நீ கட்டிக் கொடு. இடது கையால் கற்றையைப் பிடித்து, ஒரு முடி மட்டும் பிரித்து, வலது கைக் கொக்கியால் இழுத்து முடிச்சு. இரண்டு கையும் வேண்டும், ஒன்றை எடுத்தால் வேலை நடக்காது. வேலையிலிருந்து வந்ததும் மேஜையில் உட்கார்ந்து செய். அவசரம் இல்லை, ஆனால் எனக்கு வேண்டும்.

போன தடவை நான் கேட்டதில் ஒன்று விட்டுப்போயிற்று. பரவாயில்லை.

தங்கை

ஜூன் 14

வாலு,

விக் வந்து ஒரு மாதமாகிறது. நலமா என்று கேட்காமல் இங்கேயே தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதல் நாள் வேலைக்குப் போனபோது காவலாளி அடையாள அட்டை கேட்டார். பதினேழு வருடமாகத் தினம் வணக்கம் சொல்கிறவர். டாக்டர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். உன் அத்தான், "நல்லாத்தான் இருக்கு, ஆனா யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்குப் பூராவும் என்னிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொண்டார். அதற்காகவே இன்னும் பத்து நாள் போட்டேன்.

கண்ணாடியில் பார்த்தால் எனக்கே ஆசையாக இருக்கிறது. இதெல்லாம் வேஷம், நிஜ முடிதான் அழகு என்று பேசுகிறவர்கள் ஒருநாள் போட்டுப் பார்க்கட்டும்.

முடிச்சு வேலையில் முதல் வாரம் அவமானம்தான். கற்றையைக் கீழே போட்டு, அள்ளி, வேரும் நுனியும் கலந்துபோய், கட்டியதெல்லாம் பறவைக்கூடு. பிரித்தேன். இப்போது உட்கார்ந்தால் நூறு முடிச்சு போடுகிறேன். ஒன்று கவனித்தேன், அந்த நேரத்தில் மனசு எங்கும் ஓடுவதில்லை.

முடி எட்டு சென்டிமீட்டர். ஒரு இடத்தைத் தவிர.

உன் அக்கா

ஜூலை 2

அக்கா,

எந்த இடம்?

தங்கை

ஆகஸ்ட் 11

வாலு,

உன் ஒருவரிக் கடிதம் நாற்பது நாளாகக் கைப்பையில் இருக்கிறது. பதில் எழுத நாலு முறை உட்கார்ந்தேன். நீ எப்படி இருக்கிறாய்? நான் நலம் என்று எழுதினால் அது பொய்.

இடது காதுக்கு மேலே. ஒரு புட்டி மூடி அளவு, வெறும் தோல். நான்தான் பிடுங்கினேன். பன்னிரண்டு வயதிலிருந்து பிடுங்குகிறேன். படிக்கும்போது, யோசிக்கும்போது, ஸ்லைடு பார்க்கும்போது. இடது கை தானாக மேலே போகும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், கொஞ்சம் சொரசொரப்பானதாகப் பார்த்து. பிடுங்கியதும் ஒரு நிம்மதி வரும். அப்புறம் வெட்கம். நீ கேட்டாயே, இடது கை என்ன செய்யும் என்று. இதைத்தான் செய்யும்.

ஒட்ட வெட்டிக்கொள்வது, எல்லாரிடமும் சொல்கிற மாதிரி, வெயிலுக்காக இல்லை. விரலுக்குப் பிடி கிடைக்கக் கூடாது என்றுதான். நெற்றியில் விழுகிற நீளம் வந்தால் பிடி நன்றாகக் கிடைத்துவிடும், உடனே ஓடிப்போய் வெட்டுவேன். அத்தானுக்கு வெயில் கதைதான் தெரியும். விக்கை இறுக்கமாகக் கேட்டதும் அழகுக்காக இல்லை. கைக்கும் தலைக்கும் நடுவே ஒரு கதவு வேண்டியிருந்தது. மூன்றாவது வாரமே கதவுக்கு அடியில் விரலை விட்டுவிட்டேன்.

முதல் கடிதத்தில் வைத்த முடி சீப்பில் வந்தது அல்ல. அந்தக் கடிதத்தை எழுதும்போதே இடது கை பிடுங்கி மேஜையில் போட்டது. அப்படியே அள்ளி மடித்தேன். உதிர்ந்த வேரும் பிடுங்கிய வேரும் வேறுவேறு, நீ வேரைப் பார்ப்பாய் என்று தோன்றவே இல்லை. நாள் முழுக்கப் பெரிதுபடுத்திப் பார்ப்பதே பிழைப்பாக இருக்கிறவளுக்கு அது தோன்றவில்லை பார்.

உனக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது பொய் என்று முடிச்சுப் போட உட்கார்ந்த சில நாளில் புரிந்துவிட்டது. அந்த வேலை செய்கிற நேரத்தில் மட்டும் கை போவதில்லை. ஆனால் நாள் முழுக்க முடிச்சுப் போட முடியுமா?

வகுப்பு அடுத்த மாதம் நாலாம் தேதி. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஒட்ட வெட்டிக்கொள்ளப் போகிறேன். நாலாவது தடவையும் தோற்றேன், அவ்வளவுதான். இது யாருக்கும் தெரியாது. முப்பத்துநாலு வருடத்தில் நான் சொல்கிற முதல் ஆள் நீ.

உன் அக்கா

ஆகஸ்ட் 16

அக்கா,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

எனக்குத் தெரியும். ஜனவரியில் இல்லை, ஒன்பது வயதிலிருந்து தெரியும். நீ படித்துவிட்டு எழுந்து போனதும் உன் மேஜைக்கடியில் பெருக்குவது நான்தான். அம்மா வருவதற்குள் கையால் கூட்டி எடுத்து, காகிதத்தில் சுருட்டி, தெருக் குப்பைத்தொட்டியில் போடுவேன். ஏன் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியாது. நீ மாட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

ஒருநாள் தாமதமாகிவிட்டது. அம்மா கைநிறைய எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "யாரோட முடிடி இது?" என்றாள். "என்னோடதும்மா. கொட்டுது" என்றேன். உன் முடியும் என் முடியும் வேறுவேறு நிறம் என்று அம்மா கவனிக்கவில்லை. எனக்கே பிற்பாடுதான் தோன்றியது. மறுநாள் என்னைக் கூட்டிப்போய் ஒட்ட வெட்டிவிட்டாள், வெட்டினால் அடர்த்தியாக வளருமாம். பேன் என்று நீ நினைத்திருப்பாய். பள்ளிக்கூடத்தில் குண்டூசி என்று கூப்பிட்டார்கள். கறுப்பு நூல்கண்டைப் பின்னி, ஹேர்பின்னால் குத்திக்கொண்டு ஒருநாள் போனேன். மூன்றாவது பீரியடில் கழன்று விழுந்தது. எப்படிக் கட்டினால் விழாது என்று அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்தவள்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியவளான பிறகும் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னிடமிருந்தும் ஒளிந்துகொள்வாய் என்று பயம். கோபமும் இருந்தது, பொய் சொல்வானேன். போனில் மூன்றாவது நிமிடம் வருகிற சண்டை அந்தக் கோபம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

என்னிடம் வருகிறவர்களில் மாதத்துக்கு ஒருவராவது உன்னைப் போல இருக்கிறார்கள். இதற்கென்றே வைத்தியம் பார்க்கிறவர்கள் உண்டு. இரண்டு பேர் முகவரி பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வெட்டிக்கொள்வதும் வெட்டாததும், விக் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். நீ எப்படிப் போய் நின்றாலும் எனக்குச் சம்மதம். தோற்றேன் என்று மட்டும் எழுதாதே. ஏழு மாதத்தில் புட்டி மூடி அளவுதான் போயிருக்கிறது. மீதி மண்டை முழுக்க முடி இருக்கிறது.

தங்கை

செப்டம்பர் 8

என் தங்கைக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசும், போன மாதத்துக்குத் தேவலை.

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். அத்தான் என்ன என்று கேட்டார். கையில் கொடுத்துவிட்டேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "ஒம்பது வயசுப் பிள்ளை கண்ணுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலியே" என்றார். அப்புறம் வெகு நேரம் முட்டிவலியைப் பற்றிப் பேசவே இல்லை.

குண்டூசி என்று கூப்பிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பெயரை வைத்தது நான். பள்ளிக்கூட வாசலில், என் தோழிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு வைத்தேன். அது உனக்கு மறந்திருக்காது, ஆனாலும் நீ எழுதவில்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுதிப் பார்க்கிறேன், இந்தக் காகிதத்தில் அது மிகவும் சின்னதாகத் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை முடி வெட்டுகிற கடைவரை போனேன். உள்ளே கூட்டம். காத்திருக்கச் சொன்னார்கள், திரும்பி வந்துவிட்டேன். வகுப்புக்கு என் முடியோடுதான் போனேன். பதினொரு சென்டிமீட்டர், காதுக்கு மேலே அந்த இடம் தெரிந்தும் தெரியாமலும். முன்வரிசையில் இரண்டு பேர் பார்த்தார்கள், பிறகு ஸ்லைடைப் பார்த்தார்கள். நான் சொன்ன முதல் பாடம், வலது கை குமிழில் இருக்கும்போது இடது கையில் ஒரு பென்சில் கொடுங்கள் என்பது. சிரிப்பார்கள் என்று நினைத்தேன், நோட்டில் எழுதிக்கொண்டார்கள். விக்கை ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனோம். உன் முகவரிகளில் முதலாவது டாக்டரிடம் புதன்கிழமை போகிறேன்.

நேற்று என் மேஜைக்கடியைப் பெருக்கினேன். பதினோரு முடி. ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பத்துக்குக் கத்தரி பட்ட மொண்ணை நுனி, ஒன்றுக்கு மட்டும் ஊசி மாதிரி கூர்மை. அந்த வெறும் தோலில் புதிதாக முளைத்து வந்ததைப் பிடுங்கியிருக்கிறேன். உட்கார்ந்து அழுதேன்.

முன்பெல்லாம் எத்தனை என்று எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். இனி நானே பெருக்குகிறேன். குறைந்தாலும் கூடினாலும் எத்தனை என்று உனக்கு எழுதுகிறேன்.

அக்கா